கை மட்டும்தானே

ஒலிமுகமதுபேட்டை, காஞ்சிபுரம்
7 ஜூலை 2024

திரு. ஆனந்தகுமார் அவர்களுக்கு,

ஆறு வருடத்துக்கு முன்பு வரை உங்களுக்கு எழுதும்போதெல்லாம் 'அண்ணா' என்று தொடங்குவேன். இனி அது வராது. உங்கள் எண்ணை அப்போதே முடக்கிவிட்டேன். திறக்க மனமில்லை, அதனால்தான் தபால்.

நேற்று காந்தி ரோடு ஓட்டல் மாடியில், உங்கள் வகுப்பில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது நான்தான். வருகைப் பதிவில் என் பெயரைப் பார்த்து ஒரு நொடி நின்றீர்கள். அப்புறம் "அடுத்து" என்றீர்கள். நானாக விரும்பி வரவில்லை. வேலையில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கு மல்டிமீடியாவில் கதை சொல்லப் பயிற்சி, நான்கு சனிக்கிழமை, போய் வா என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் அனுப்பினார். பயிற்சி தருவது யார் என்று உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது.

விளக்கை அணைத்துவிட்டு, "நல்ல ஸ்டோரின்னா எப்படி இருக்கணும், பாருங்க" என்று சொல்லி 'கொதிநிலை'யை ஓடவிட்டீர்கள். சாயப்பட்டறையில் கொதிக்கிற கொப்பரைக்குள் விழுந்து செத்த பஞ்சாட்சரத்தின் கதை. கூட வேலை பார்த்த கமலாட்சி அக்காவின் குரல். பஞ்சாட்சரத்தை வெளியே இழுத்தபோது வெந்துபோன அக்காவின் இரண்டு கைகள், திரை முழுக்க. நடுவில் "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்று கேட்கும் என் குரல். கடைசியில் உங்கள் பெயர், உங்கள் விருது.

இத்தனையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஆனால் ராணிப்பேட்டையிலிருந்து வந்திருக்கிற கலைவாணி எழுந்து கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "சார், அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" நீங்கள் தயங்கவே இல்லை. "நல்லா இருக்காங்கம்மா. இந்த ஸ்டோரியால அவங்க வாழ்க்கையே மாறிடுச்சு."

மாறியதுதான். எப்படி மாறியது என்று கேளுங்கள். 'கொதிநிலை' வெளியான அன்று மதியமே பட்டறை முதலாளி அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டார். ஊரில் அப்போது அப்படிக் கட்டு போட்டிருந்த கை வேறு யாருக்கு? சாயந்திரம் வேலை போனது. அக்கா குடியிருந்த வீடும் அவருடையதுதான். இரவுக்குள் பாத்திரங்கள் தெருவில் கிடந்தன. மகள் சங்கீதாவுக்கு மூன்றாம் நாள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அவள் எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பட்டறையும் அக்காவைச் சேர்க்கவில்லை. ஊர் என் முகத்தில் துப்பியது, ஏனென்றால் அந்தக் குரல் என்னுடையது. எழுதுகிற வேலையிலிருந்து என்னைக் கோயில் திருவிழா அறிவிப்புப் பக்கத்துக்குத் தள்ளினார்கள். ஆறு வருடமாகக் கருட சேவைக்கு எத்தனை மணிக்குப் பெருமாள் புறப்பாடு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசி சனிக்கிழமை ஒவ்வொருவரும் மூன்று நிமிடப் படம் காட்ட வேண்டும் என்றீர்கள். பயிற்சிக்குப் பணம் தருகிற அறக்கட்டளைக்காரர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றீர்கள். என் படம் 'கொதிநிலை'க்கு அப்புறம் என்ன நடந்தது என்பதைப் பற்றி. அதை உங்கள் கையாலேயே திரையில் போடுவீர்கள்.

இப்படிக்கு,
அம்பரீன்


வடபழனி, சென்னை
10 ஜூலை 2024

அன்புத் தங்கை அம்பரீனுக்கு,

நீ அண்ணன் என்று எழுதாவிட்டாலும் எனக்கு நீ தங்கைதான். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் கோபம் புரிகிறது. அந்தம்மாவுக்கு இவ்வளவு நடந்தது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் வகுப்பில் அப்படிச் சொல்லியிருப்பேனா?

ஒன்றை மட்டும் நிதானமாக யோசி. அப்போது நம் பத்திரிகையின் சென்னை அலுவலகத்தில் வீடியோ பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெமரி கார்டை அனுப்பியது நீ. அதில் குரலும் இருந்தது, கையைப் படம் பிடித்த துண்டும் இருந்தது. நீ எடுத்ததுதான் அது, நான் எடுத்ததல்ல. வந்த பொருளை வைத்து ஒரு எடிட்டர் என்ன செய்வானோ அதைச் செய்தேன். முகத்தைக் காட்டவில்லையே. பெயரைச் சொல்லவில்லையே. கை மட்டும்தானே. அந்தக் கதை வந்ததால்தான் பஞ்சாட்சரத்தின் சாவைப் பட்டறையில் நடந்த விபத்து என்று போலீஸ் பதிவு செய்தது. அதுவரை குடித்துவிட்டு வீட்டில் வெந்நீரில் விழுந்தான் என்றுதானே முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்? அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

அடுத்த வகுப்பிலிருந்து அந்தப் படத்தைக் காட்டமாட்டேன். உன் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன். இறுதிப் படத்துக்கு வேறு விஷயம் எடுத்துக்கொள். ஆடிப் பட்டுச் சந்தை, செவிலிமேட்டுப் பாலம், ஏதாவது. உனக்கு நல்ல கண் உண்டு. பழையதைக் கிளறி அந்தம்மாவை மறுபடி தெருவுக்கு இழுக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
ஆனந்த் அண்ணன்


ஒலிமுகமதுபேட்டை, காஞ்சிபுரம்
14 ஜூலை 2024

திரு. ஆனந்தகுமார்,

நேற்றைய வகுப்பு பிரமாதம். வெள்ளைப் பலகையில் உங்கள் அழகான எழுத்தில், 'த'வுக்கு வழக்கம்போல நீளமாக வால் விட்டு, 'ஒப்புதல் இல்லாமல் எடுத்த கதை திருட்டு' என்று எழுதினீர்கள். இருபது பேரும் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் கை தூக்கினேன். "சார், பேசினவங்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா கண்டிஷன் போட்டாங்க. எடிட்டர் அந்தக் கண்டிஷனப் படிச்சிட்டும் மீறினா அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "டீ பிரேக்குக்கு அப்புறம் பேசலாம்" என்றீர்கள். டீ குடித்த பிறகு நேராக ஒலிப்பதிவுப் பாடத்துக்குப் போய்விட்டீர்கள்.

கண்டிஷன் ஒன்று இருந்ததே தெரியாததுபோல் எழுதியிருக்கிறீர்கள். கார்டு வைத்த உறையின் மேல் சிவப்பு மையில் நான் எழுதியது: 'குரலை மாற்ற வேண்டும். கை ஆதாரத்துக்கு மட்டும். வெளியிடக் கூடாது. அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.' உறையை பஸ்ஸில் கொடுத்தனுப்பும் முன்பு அதைப் படம் எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீங்கள் ஒரு கட்டைவிரலைப் போட்டீர்கள். அந்தப் பக்கம் என்னிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. தேதி, நேரம், கட்டைவிரல் எல்லாம்.

தெரியாது என்று இன்னொரு தடவை எழுதுங்கள், பார்ப்போம்.

அடுத்த ஞாயிறு கமலாட்சி அக்காவைத் தேடிப் போகிறேன். எந்த ஊர் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

அம்பரீன்


வடபழனி, சென்னை
17 ஜூலை 2024

அம்பரீன்,

சரி. உன்னிடம் மறைத்துப் பயனில்லை.

உறையைப் படித்தேன். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். குரலை மாற்றி ஒரு தடவை போட்டுக் கேட்டேன். கார்ட்டூன் பொம்மை பேசுவதுபோல் இருந்தது. பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். ஒரு மனிதன் வெந்து செத்த கதையைக் கேட்டுச் சிரித்தார்கள், அம்பரீன். கையில்லாமல் வெறும் கொப்பரையையும் சுவரையும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கையைச் சேர்த்ததும் அறையே அமைதியானது. அப்போதே தெரிந்துவிட்டது, இது ஓடும் என்று. உனக்குப் போன் செய்தால் வேண்டாம் என்பாய். அதனால் செய்யவில்லை. அந்தம்மாவுக்கு ஏதாவது ஆகும் என்று தோன்றியது. தோன்றியும் போட்டேன். இதுதான் நடந்தது.

ஐம்பத்திரண்டு வயது எனக்கு. பத்திரிகை வேலை போய் நான்கு வருடம். இந்தப் பயிற்சிதான் என் பிழைப்பு. அறக்கட்டளை அடுத்த வருடம் எட்டு மாவட்டத்துக்கு என்னையே போடுவதாகச் சொல்லியிருக்கிறது. கெஞ்சித்தான் கேட்கிறேன், அந்தப் படத்தை எடுக்காதே.

கெஞ்சினால் நீ கேட்கமாட்டாய் என்றும் தெரியும். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீ பதிவு செய்த முழு ஒலியும் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் நிமிடத்தில் அந்தம்மா "எனக்கு பயமா இருக்குதும்மா" என்கிறார். நீ, "பயப்படாதீங்கக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, நான் பொறுப்பு" என்கிறாய். நீ உன் படத்தைப் போட்டால் நான் இதைப் போடுவேன். அதே கூடத்தில், அதே ஸ்பீக்கரில்.

ஆனந்தகுமார்


ஒலிமுகமதுபேட்டை, காஞ்சிபுரம்
22 ஜூலை 2024

ஆனந்தகுமார்,

நேற்று போனேன். ஒரு ஏரிக்கரை ஊர். ஒற்றை அறை வீடு. வாசல் குழாயடியில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறாராம், காலை ஆறு மணிக்கு வேன் வந்துவிடுமாம். ஞாயிறு மட்டும் லீவு. கைகளில் தழும்பு வெள்ளையாகப் பளபளவென்று முழங்கை வரைக்கும் இருக்கிறது.

"அக்கா, நான் அம்பரீன்."

நிமிர்ந்து பார்த்தார். திரும்பக் குனிந்து தேய்த்தார். "இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் அவங்கிட்ட ஒண்ணும் சொல்லல. உங்கிட்டதான் சொன்னேன். நீ குடுத்த, அவன் போட்டான். ஆறு வருசம். செத்தாளா இருக்காளான்னு ஒரு தரம் வந்து பாத்தியாம்மா நீ?"

"பயமா இருந்துதுக்கா."

"எனக்கு இல்லியா?" என்றார். ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்: "இப்ப இன்னாத்துக்கு வந்துக்கிற? அவன மாட்டிவுடணும். அதுக்கு நான் கேமரா முன்னால குந்திக்கினு அழுவணும். அதானே?"

 அதேதான் என் திட்டம்.

"முடியாது. நீ அவன இன்னா வேணா பண்ணு. என் கை வராது, என் கொரல் வராது, என் பேரும் வராது. இன்னொண்ணு. அந்தப் படம் இன்னும் போன்ல வந்துக்கினே இருக்குது. கேன்டீன்ல ஒரு பொண்ணு போன மாசம் எங்கிட்டயே காட்டுறா, 'அக்கா இது உங்க கை மாதிரியே இருக்குதே'ன்னு. அத எடுக்கச் சொல்லு, முடிஞ்சா."

ஒன்றை உங்களிடம்தான் சொல்ல முடியும், வேறு யாருக்கும் இது புரியாது. உள்ளே போகும் முன்பே பைக்குள் போனில் பதிவை ஓடவிட்டிருந்தேன். அவர் பேசியது முழுக்க என்னிடம் இருக்கிறது, பதினான்கு நிமிடம். பாத்திரச் சத்தத்தோடு. நேற்று ராத்திரி கேட்டேன். உங்களை முடித்துவிட அது போதும்.

அம்பரீன்


வடபழனி, சென்னை
24 ஜூலை 2024

அம்பரீன்,

கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். பாத்திரச் சத்தத்தோடு என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த ஒரு வார்த்தைக்காக. அந்தம்மா முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் காது பாத்திரச் சத்தத்தைக் குறித்துக்கொண்டது. நான் கையைப் பார்த்தேன், நீ சத்தத்தைக் கேட்டாய். வேறென்ன வித்தியாசம்? வா, உள்ளே வா. இந்தப் பக்கம் நிறைய இடம் இருக்கிறது.

போடு. "பயமா இருந்துதுக்கா", "எனக்கு இல்லியா?" அங்கே இரண்டு நொடி மௌனம் விடு. இசை வேண்டாம். வகுப்பிலேயே சிறந்த படமாக இருக்கும், நானே முதல் மதிப்பெண் போடுகிறேன். அப்புறம் நீயும் யாருக்காவது பாடம் எடுக்கலாம்.

சனிக்கிழமை பார்ப்போம்.

ஆனந்தகுமார்


வடபழனி, சென்னை
30 ஜூலை 2024

அம்பரீன்,

பயிற்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டதாக அறக்கட்டளையின் கடிதம் இன்று வந்தது. எட்டு மாவட்டமும் போனது. இது உனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதனால் முதலில் இதையே எழுதுகிறேன்.

நான் அந்த ஒலித்துண்டைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் படம் தொடங்கியது. அந்தம்மாவின் கை வரவில்லை, குரல் வரவில்லை. உன் முகம் வந்தது. "பயப்படாதீங்க, நான் பொறுப்புன்னு ஒருத்தங்ககிட்ட சொன்னேன். நான் பொறுப்பா இல்ல" என்று நீயே சொல்லிவிட்டாய். என் கையிலிருந்த துண்டுக்கு அங்கேயே வேலை இல்லாமல் போயிற்று.

அப்புறம் திரை முழுக்க ஒரு காகிதம். என் கடிதம். பதினேழாம் தேதி எழுதியது. ஊர் இல்லை, பெயர் இல்லை, கையெழுத்துப் போட்ட இடத்தை மறைத்திருந்தாய். 'உறையைப் படித்தேன்' என்பதிலிருந்து 'தோன்றியும் போட்டேன்' வரை ஒவ்வொரு வரியாக மெதுவாக நகர்த்தினாய். சத்தமே இல்லை. நான்கு வாரமாக வெள்ளைப் பலகையில் என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்ட இருபது பேர். யாரும் திரையைப் பார்க்கவில்லை, ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். விளக்குப் போட்டதும் அந்தக் கலைவாணி, மரியாதையாகத்தான் கேட்டாள்: "சார், இது உங்க எழுத்துதானே?"

அது உன்னை நம்பி எழுதிய கடிதம். வெளியிட நான் ஒப்புதல் தரவில்லை. முகத்தைக் காட்டவில்லை, பெயரைச் சொல்லவில்லை என்று நீயும் சொல்லிக்கொள்ளலாம். விளக்கம் கேட்டு அறக்கட்டளை அனுப்பிய அந்தப் படத்தை என் மனைவியும் பார்த்துவிட்டு இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. அவளுக்கும் அந்த எழுத்து தெரியும்.

நீ செய்தது என்ன என்று உனக்குத் தெரிகிறதா?

ஆனந்தகுமார்


ஒலிமுகமதுபேட்டை, காஞ்சிபுரம்
6 ஆகஸ்ட் 2024

ஆனந்தகுமார்,

தெரிகிறது. தெரிந்துதான் செய்தேன். ஒப்புதல் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டீர்கள். ஒரு மனிதருக்குத் தன் கையே தன்னைக் காட்டிக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினேன். தெரிந்துகொண்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டைவிரல் போட்ட அந்தப் பக்கம் என்னிடம் இல்லை. அந்தப் போன் 2019-லேயே சர்வதீர்த்தக் குளத்துப் படியில் விழுந்து செத்துவிட்டது. இருக்கிறது என்று சும்மா எழுதினேன். நீங்கள் பயந்து உண்மையை உங்கள் கையால் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் தபால், உங்கள் எண்ணை முடக்கியதற்காக இல்லை.

பதினான்கு நிமிடப் பதிவைப் பற்றி. வெள்ளிக்கிழமை மதியம் வரை அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். "எனக்கு இல்லியா?" என்ற இடத்தில் மௌனமும் விட்டிருந்தேன், நீங்கள் சொல்வதற்கு முன்பே. மூன்று மணிக்கு உங்கள் கூரியர் வந்தது. 'உள்ளே வா' என்று படித்ததும் வெட்டுவதை நிறுத்தினேன். எல்லாவற்றையும் அழித்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து உங்கள் கடிதத்தை வைத்து வேறு படம் செய்தேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்காதீர்கள். எனக்குச் செய்தித் தகவல் தருகிற பழைய ஆள் ஒருவர், நகராட்சியில் இருப்பவர், நேற்று டீக்கடையில் நகர்ந்து உட்கார்ந்தார். "உங்கிட்ட எழுதிக் குடுத்தா சினிமாவா போட்டுடுவியாமே மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இனி எதுவும் தரமாட்டார். ஆசிரியர் என்னைத் திருவிழாப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியதில், எங்கள் பத்திரிகை 'கொதிநிலை'யை வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்ல அக்காவிடம் போனேன். பையிலிருந்த போனை அவர் எதிரிலேயே எடுத்து, அணைத்து, வாசல் திட்டில் வைத்தேன்.

"எடுத்துட்டாங்களா? நெசமாவா? தேடிக் காட்டு."

சங்கீதாவின் போனில் தேடிக் காட்டினேன். வரவில்லை. இன்னொரு தரம் தேடச் சொன்னார். வரவில்லை.

"அவன் இன்னா ஆனான்?"

"வேலை போயிடுச்சுக்கா."

சிரித்தார். நன்றாக, பல் தெரியச் சிரித்தார். "போவட்டும்," என்றார். எனக்கு அந்தச் சிரிப்பு போதும் என்று இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆறு வருடம் என்று இருந்தது.

"நீ போட்டியே, அதக் காட்டு."

என் போனைத் திறந்து காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூன்று நிமிடமும் பார்த்தார். முடிந்ததும், "என் பேரு இல்ல, ஊரு இல்ல," என்றார்.

"இல்லக்கா."

"இத நீ எத்தினி தரம் பாத்த?"

"தெரியலக்கா. தினமும் பாக்குறேன்."

"அழிச்சிடு."

"இது அவனப் பத்திதானேக்கா..."

"அழிச்சிடும்மா. எந்தக் கை, யாரு கைன்னு எவனாவது தோண்டிக்கினு வருவான். உனக்கு இது தினம் எடுத்துத் தின்னுற பலகாரம் மாதிரி. எனக்கு அப்பிடி இல்ல."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். அறக்கட்டளையிடம் இருக்கிற பிரதியையும் அழிக்கச் சொல்லி எழுதிவிட்டேன். உங்களுக்காக இல்லை.

போகும்போது தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டே சொன்னார்: "இனிமே வராதம்மா. வந்தா தண்ணி குடுப்பேன், குந்துன்னு சொல்லுவேன். ஆனா வராத."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. வெயில். அவ்வளவு நேரமும் எனக்கு உங்கள் மேல் இருந்த கோபம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இருந்தது. கொஞ்சமும் குறையவில்லை.

அம்பரீன்